ஏலரிசி

முதுகலை வகுப்பில் இக்கால இலக்கியத்தை ஐரோப்பாவிலிருந்து தொடங்குவது என் வழக்கம். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளின் வீழ்ச்சி. அதையொட்டிய ஆண்டுகளில் குட்டன்பர்க்கின் அச்சு விவிலியம். 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் வாஸ்கோ ட காமா. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்'. பதினெட்டு ஆண்டுகளாக இதே வரிசையில் இடைக்காலத்தை முடித்து நவீன காலத்தைத் தொடங்கி வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவங்க இவ்வளவு தூரம் கப்பல்ல எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டாள். வாசனைப் பொருளுக்காக என்றேன். "அப்ப எங்க ஊருக்குத்தான் வந்திருக்காங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் போடிநாயக்கனூர்க்காரி, விடுமுறை நாட்களில் ஏலக்காய் பிரிக்கப் போகிறவள். நானும் போடிக்காரன்தான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அவள் சொன்னது வரலாற்றுப்படி முழுக்கச் சரியில்லை. காமா முதலில் தேடியது மிளகை. ஏலக்காயும் பெரும்பகுதி விளைவது போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கிப் பக்கத்து மலைகளில். கீழே இருக்கும் எங்கள் ஊர் அதை வாங்கி, பிரித்து, ஏலம்விட்டு, மூட்டை கட்டி அனுப்புகிற ஊர். விடியுமுன் ஜீப்புகள் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பும். காய் வரும் மாதங்களில் சில தெருக்களில் மூச்சே மணக்கும். ஆனாலும் அவள் கேள்வி என்னை விடவில்லை. கப்பலில் வந்தவர்களைப் பற்றி இத்தனை ஆண்டுகள் பேசியிருக்கிறேன்; அவர்கள் கையில் எடுத்து முகர்ந்த காயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்படித்தான் கார்சியா ட ஓர்த்தாவிடம் போய்ச் சேர்ந்தேன். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்த போர்த்துக்கீசிய மருத்துவர். 1534இல் கோவாவுக்கு வந்தவர். 1563இல் அங்கேயே அச்சான அவருடைய நூல் இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய உரையாடல்களின் தொகுப்பு. அச்சுப் பிழைகள் மலிந்த நூல்தான். ஆனால் கமோயென்ஷின் கவிதை முதன்முதலாக அச்சில் வந்தது இதில் என்பது இலக்கிய நண்பர்களுக்கு ருசிக்கும்.

உரையாடுவோர் இருவர். ஒருவர் ஓர்த்தா. மற்றவர் ருவானோ, ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்திறங்கிய கற்பனைப் பாத்திரம். ருவானோ நூல் கற்றவர். காலேன் என்ன சொன்னார், டயாஸ்கோரிடிஸ் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு பொருளுக்கும் கேட்பார். ஓர்த்தாவோ தான் இங்கே கண்டதைச் சொல்வார். ஏலத்துக்கும் தனி உரையாடல் உண்டு. கிரேக்க நூல்கள் பேசும் கார்டமோமம் வேறு, இந்தக் கடைவீதிக் காய் வேறு என்பது அவர் வாதம். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு அதிகாரத்தின் எதிரே ஒரு காயை வைத்து வழக்காடுகிறார். ருவானோவும் அவருக்குள் இருந்த பழைய மாணவர்தான் என்று எனக்குப் படுகிறது. இருவரும் ஒரே பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள்!

இடைக்காலம் முடிந்தது, நவீனம் பிறந்தது என்று கரும்பலகையில் கோடு கிழிப்பது எளிது. ஓர்த்தாவின் நூலை 1567இல் குளூசியஸ் லத்தீனில் சுருக்கி ஆன்ட்வெர்ப்பில் வெளியிட்டார், ஐரோப்பா படித்தது. மறு ஆண்டு ஓர்த்தா இறந்தார். 1569இல் அவர் தங்கை கத்தரினாவைக் கோவாவின் மத விசாரணை மன்றம் எரித்தது. 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தார்கள். கோட்டை எங்கே கிழிப்பது?

ஒரு நூற்றாண்டுக்குப் பின், கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீட் மலபாரின் செடிகளைத் தொகுத்தார். பன்னிரண்டு தொகுதிகள், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்றுரை அவருடைய கோலெழுத்திலேயே இருக்கிறது. 1692இல் வந்த பதினோராம் தொகுதியில் ஏலச்செடியின் பெயர் 'எலெத்தாரி'. தாவரவியலார் இன்றும் வழங்கும் எலெத்தாரியா என்ற பேரினப் பெயர் அதிலிருந்து வந்தது. ஏலத்தின் அரி. நூலகத்தில் அதைப் படித்தபோது சட்டென்று என் அம்மாவின் குரல் கேட்டது. உடைந்த காயிலிருந்து உதிரும் விதையை அவள் ஏலரிசி என்பாள்.

அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் காய் பிரித்தவள். அந்தக் கூலியில்தான் நான் எம்.ஏ. படித்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். வேலைக்கான விண்ணப்பத்திலும் அதையே எழுதினேன். ஓர்த்தாவின் நூலில் அந்தோனியா என்றொரு அடிமைப் பெண் வருகிறாள். எசமானர்கள் கேட்கும் மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டுவது அவள் வேலை. பேச்சு மிகக் குறைவு. ஆனால் அவள் பெயர் அச்சில் இருக்கிறது. அதுகூட நான் செய்யவில்லை.

பொங்கலுக்குப் போனபோது ஒரு கை காயை அம்மாவின் முறத்தில் கொட்டினேன். இப்போது பார்வை மங்கல். விரல்களாலேயே பெருங்காய், சிறுகாய், வெடிப்பு, பிஞ்சு என்று ஒதுக்கிக்கொண்டே போனாள். நான் நோட்டில் எழுதினேன்.

"எதுக்குய்யா இதையெல்லாம் எழுதுற?"

"பாடம் நடத்த ஆத்தா."

"வயித்துக்குப் பிரிச்சதெல்லாம் ஒரு பாடமாக்கும்" என்று சிரித்துவிட்டு, நான் பிஞ்சு என்று எழுதிய ஒன்றைத் திரும்ப எடுத்து முகர்ந்து, சிறுகாய்ப் பக்கம் போட்டாள். நோட்டில் அடித்துத் திருத்தினேன்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று அந்த மாணவியிடம், போடியில் எந்தத் தெரு என்று கேட்டேன்.