படமாக இருந்த பக்கங்கள்

2009-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரில் நடந்த வலை நிரலாளர் மாநாடு ஒன்றுக்குப் போயிருந்தேன். சென்ட்ரலில் இரவு பெங்களூர் மெயில் ஏறும்போது மாநாட்டு உரைகளைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் எழுத்தில் மட்டுமே பழகிய நண்பர்கள் சிலரை நேரில் பார்க்கப்போகிறேன் என்ற எண்ணம்தான் மனத்தை நிறைத்திருந்தது. அவர்களில் எவருடைய புகைப்படத்தையும் நான் பார்த்ததில்லை. எழுதும் முறையை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு முகத்தை நானே வரைந்து வைத்திருந்தேன்.

கோவை நண்பருக்கு நான் வரைந்திருந்தது கொஞ்சம் கடுகடுப்பான முகம். அதற்குக் காரணம் உண்டு.

அவரோடு பழக்கம் ஏற்பட்டதே ஓர் உதவியால்தான். பயர்பாக்ஸ் 2 உலவியில், பத்தியின் இரு ஓரங்களையும் சமன்செய்தால் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒருபக்கம் கால் ஒருபக்கமாகச் சிதறும். அக்காலத்தில் தமிழில் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. என் பக்கம் அப்படி உடைந்து கிடந்தபோது, "எனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்காதீர்கள். ஸ்டைல்ஷீட்டில் ஜஸ்டிஃபை என்று இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள்" என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார். எடுத்தேன், சரியாயிற்று.

பிறகுதான் மனக்கசப்பு. முதியவர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிய மணிக்கொடிப் பக்கங்களை, நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் கதைகளை மட்டும் தேர்ந்து, ஸ்கேன் செய்து படங்களாக ஏற்றிக்கொண்டிருந்தேன். 1930-களின் அச்சை, அந்த மங்கிய தாளோடு அப்படியே காட்டுவதில் எனக்கொரு பெருமிதம். பலர் பாராட்டினார்கள். இவர் மட்டும், "தட்டச்சு செய்து எழுத்தாகப் போட முடியுமா?" என்று கேட்டார். மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை நான், "வெட்டி ஒட்ட வசதியாக இருக்கும் என்று பார்க்கிறீர்கள் போலும். பொறுமை உள்ளவர்கள் படத்திலேயே படித்துக்கொள்வார்கள்" என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மற்ற விஷயங்களில் வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தார்.

மாநாட்டுக் கூடத்தில் எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. தேநீர் இடைவேளையில் விசிட்டிங் கார்டுகள் சீட்டுக்கட்டுபோலக் கைமாறின. கை குலுக்கிய வேகத்திலேயே அடுத்தவரைத் தேடும் கண்கள். நானும் அப்படித்தான் திரிந்தேன். தூண் ஓரமாக ஒருவர் மடக்குக் கோலுடன் நின்றுகொண்டிருந்தார். யாரோ நீட்டிய கார்டை வாங்கி, "பேரைச் சொல்லிட்டுக் கொடுங்க" என்று கேட்டு, ஒரு மூலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் அட்டையில் இருந்த பெயரைப் படித்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

என் பெயரைச் சொன்னேன். "வாங்க, போலும் சார்!" என்று உரக்கச் சிரித்தார். நான் எழுதும் பத்திகளில் பாதி 'போலும்' என்று முடிவதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

மதிய உணவின்போது மடிக்கணினியைத் திறந்து காதுக்கருவியின் ஒரு முனையை என்னிடம் தந்தார். பார்வையற்ற நிரலாளரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் அதில் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தனமான ஒரு குரல் தமிழை மிக வேகமாக வாசித்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவரோ தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் தங்கச்சி படிச்சுக் காட்டுவா. கல்யாணம் ஆகிப் போயிட்டா. இப்ப இதுதான்."

மதுரைத் திட்டத்தின் நூல்களை அவர் நன்கு அறிந்திருந்தார். 1998 முதல் தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து சேர்த்தவை அவை. டிஸ்கி எழுத்துருவில் இருந்தவரை வாசிப்பானுக்கு அவை வெறும் கிறுக்கல். யூனிகோடுக்கு மாறிய பிறகு ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. "உங்க பக்கத்துக்கு வந்தா மட்டும், 'கிராஃபிக், ஸ்கேன் ஜீரோ ஜீரோ ஒன் டூ'ன்னு சொல்லும். எனக்குக் கிடைச்ச மணிக்கொடி அவ்வளவுதான்" என்றார். குரலில் குத்தல் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உடனே செஞ்சிருப்பீங்க. எனக்காகச் செஞ்சதா இருக்கும். நான் வாசகனாத்தானே கேட்டேன்."

பிற்பகல் உரை ஒன்று, முந்தைய ஆண்டு டிசம்பரில் வெளியான வலை அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பைப் பற்றியது. அதன் முதல் நெறியே, எழுத்தல்லாத எதற்கும் எழுத்தில் ஒரு மாற்று வேண்டும் என்பதுதான். எனக்கு அது புதிய செய்தியல்ல. படத்துக்கு மாற்றுரை கட்டாயம் என்பது 1997-இல் வந்த ஹெச்.டி.எம்.எல் 4-லேயே உண்டு. அலுவலகத்தில் வாடிக்கையாளர்களுக்காகத் தவறாமல் எழுதிக்கொடுத்த ஒன்றை, நான் நேசிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இலக்கியத்துக்குச் செய்யவில்லை. பழைய தாளின் அழகைக் காட்டும் ஆசையில் கதைகளையே பூட்டி வைத்திருக்கிறேன். அடுத்த இருக்கையில் அவர் அமைதியாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "முதல்ல சின்னக் கதையா ஒண்ணு தட்டச்சு செய்யுங்க" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஊர் திரும்பிய வாரத்தில் பதினோரு பக்கக் கதை ஒன்றை நான்கு இரவுகளில் அடித்து முடித்தேன். இத்தனை முறை ஸ்கேன் செய்த கதையை அப்போதுதான் முழுமையாகப் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை அவரிடமிருந்து மடல் வந்தது.

"அருமையான கதை. ஏழாம் பத்தியில் பையன் பல்லிக்குப் போகிறான். பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். கண்ணால் படிப்பவர்களுக்குப் பொறுமை அதிகம் போலும்."