ரயிலில் பாடிய பொண்ணு

ஆவடியிலிருந்து சென்ட்ரல் பக்கம் லோக்கல் ட்ரெயினில் போய் வருபவரா நீங்கள்? அப்போ தோளில் ஸ்பீக்கர் பெட்டி, கையில் மைக்கோடு அம்பத்தூர் தாண்டியதும் பாட ஆரம்பிக்கும் ஒருத்தரையாவது பார்த்திருப்பீர்கள். (அந்த நேரம் பார்த்து சிலருக்குத் தூக்கம் வந்துவிடும், அது வேற கதை.)

நூறு வருஷத்துக்கு முன்னால், மைக்கே இல்லாமல் ரயிலில் பாடிக் காசு வாங்கியவர் கே.பி. சுந்தராம்பாள். 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இல்லை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவரை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். ஆரம்ப வேஷங்களில் ஒன்று, 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியில் அழும் பிள்ளை. பசியை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அப்புறம் ஸ்பெஷல் நாடகம். இது செம டென்ஷனான விஷயம். நடிகர்கள் வேற வேற ஊரிலிருந்து வருவார்கள், சேர்ந்து ரிகர்சல் கிடையாது, மேடையிலேயே பாட்டுக்குப் பாட்டு மோதணும். கடைசி வரிசைக்கும் கேட்கலைன்னா கூட்டம் சும்மா விடாது. இலங்கையில் அவருக்கு ஜோடியாக வந்தவர், அப்போது உச்சத்தில் இருந்த எஸ்.ஜி. கிட்டப்பா. சுந்தராம்பாள் சளைக்கவில்லை. பிறகு இருவரும் கல்யாணமும் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சண்டை, பிரிவு எல்லாம் நடந்தது. 1933-ல் அவர் இறந்தபோது இவருக்கு வயசு 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. இனி ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவு.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும், இல்லையா? 'நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டார்கள். தட்டிக்கழிக்கத்தான் ஒரு லட்சம் கேட்டார், அவர்களோ சரி என்றுவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1935-ல் ஒரு லட்சம்! அதுவும் ஹீரோயின் வேஷத்துக்கு இல்லை. நந்தனாரே அவர்தான்.

இதை ஏன் இப்போ எழுதுறேன்னா, எங்க கிளாஸில் ஒரு பொண்ணு இருக்கா. லேபில் முணுமுணுத்தாலே மொத்த பெஞ்சும் திரும்பும். கல்ச்சுரல்ஸுக்குப் பேர் கொடுக்கச் சொன்னால் மாட்டேங்கிறா. "மேடையேறிக் கூத்தாடப் போறியா"னு வீட்டில் கேட்டார்களாம். சுந்தராம்பாள் காலத்தில் அந்த வார்த்தை இன்னும் மோசமாக விழும். நாடகக்காரி என்றால் ஊரில் வீடு தேடுவதே கஷ்டம். ஆனால் அந்த நாடகக்காரிதான் காங்கிரஸ் மேடைகளில் பாடிக் கூட்டம் சேர்த்தார், சட்ட மேலவைக்குப் போனார், 1970-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் போகும் கதை எம்.ஜி.ஆரிலிருந்து ஆரம்பிக்கவில்லை மக்களே.

நேரம் கிடைத்தால் 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக அவர் பாடுவதைக் கேளுங்கள். 1965-ல் வந்த படம். அப்போ அவருக்கு 56 வயசு. மூச்சு எங்கே வாங்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

அந்தப் பொண்ணுக்கும் லிங்க் அனுப்பியிருக்கேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு. பேர் கொடுக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.