கச்சான் காற்றும் மரக்கறி வற்றலும்

பூனாகலை என்றதும் பலருக்கும் தேயிலையே நினைவுக்கு வரும். பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே மலைச்சரிவுகளில் அமைந்த இத்தோட்டங்களுக்கு அது பொருத்தமே. ஆயினும் லயங்களின் பின்புறத்தில், கல்லடுக்கி மண் சரியாமல் காத்த சிறு பாத்திகளில், போஞ்சியும் கோவாவும் கத்தரியும் மிளகாயும் விளைகின்றன. அவை உலகச் சந்தைக்குச் செல்வதில்லை. ஆகவே அவற்றைப் பற்றி எழுதுவோரும் அரியர். நாம் இங்கே கூற விழைவது அம்மரக்கறித் தோட்டங்களைப் பற்றியே.

ஊவாவின் பருவத்தை முதலில் அறிதல் வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகல் மழையை நம்பி விதைத்த போஞ்சி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். காய்ப்பு ஓங்கும் ஆனி, ஆடியில் மழை குறைந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று ஹற்றன், வட்டவளைப் பக்கத்து மேற்குச் சரிவுகளிலேயே தன் மழையைப் பொழிந்துவிட்டு, நடுமலைத் தொடரைக் கடந்து ஊவாவினுள் வறண்ட காற்றாக இறங்குகின்றது. இதனைக் கச்சான் காற்று என்பர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இவ்வறண்ட காற்றினாலேயே ஊவாத் தேயிலை தனி மணம் பெறுகின்றது. தேயிலைக்குப் புகழ் தேடித் தரும் அக்காற்றே லயத்து அடுக்களைக்கு வற்றலையும் ஆக்கித் தருகின்றது.

போஞ்சியை முற்றவிடாது பறித்து, நார் நீக்கி நறுக்கி, உப்பிட்ட கொதிநீரில் இரண்டொரு நிமிடம் அமிழ்த்தியெடுத்துச் சுளகிற் பரப்புவர். நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதியங்கள் கொதிநீரிற் செயலிழந்துவிடும். கத்தரியையும் பாகலையும் உப்பிற் பிசறி உலர்த்துவர். மிளகாயைக் கீறி இரவில் உப்புத் தயிரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலிட்டு, மாலையில் மீண்டும் அத்தயிரிலேயே சேர்ப்பர். தயிர் முற்றாக வற்றும்வரை இது தொடரும். தேசிக்காயை அடி பிளவாமல் நான்காகக் கீறி, உப்படைத்துச் சாடியிலிடுவர். பூசணியைக் காம்புடன் அறுத்து, காயம் படாமற் பரணில் வைத்தால் சில மாதங்கள் கெடாதிருக்கும். செய்முறைகள் பலவாயினும் வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் அடிப்படை ஒன்றே. வெயிலும் உப்பும் காயின் நீரைக் குறைத்துவிட, பூஞ்சணமும் நுண்ணுயிரும் வளர வழியில்லாது போகின்றது. வற்றலை ஒடித்தால் முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும் என்று ஒரு மூதாட்டியார் நமக்கு விளக்கினார். காலைப் பிரட்டுக்குப் போகுமுன் பரப்பி, கொழுந்து நிறுத்துத் திரும்பியபின் அள்ளிவைக்கும் வேலை இது. இடைப்பொழுதில் காகம் ஓட்டுவது பாட்டிமாரின் பொறுப்பு.

இவ்வுழைப்பின் பயன் ஐப்பசி அடைமழையில் தெரியும். பாதை சேறாகிக் கடைக்குச் செல்வது அரிதாகும் நாளில், ஒரு பிடி வற்றல் குழம்பாகிவிடும். நாட்டின் நெருக்கடியிலும் இது தெரிந்தது. 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டு ஜூனில், அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை இணங்கியது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ, வேலை முடிந்த அந்திப்பொழுதே அந்த வெள்ளிக்கிழமை.

ஆயினும் சாடிகளை நிரப்பும் திறமை மட்டும் ஒரு குடும்பத்தைக் காத்துவிடாது. சாடி திறக்கப்படும் மழைக்காலமே மலை சரியும் காலமுமாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது; உயிர்கள் பல மாண்டன. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து குடியிருப்புகள் சேதமுற்றன. வீடும் பாத்தியும் சேமிப்பும் ஒருங்கே அழியக்கூடிய இடத்தில் இவர்கள் வாழ்கின்றனர்.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. லயமும் அதன் பின்புறப் பாத்தியும் பெரும்பாலும் தோட்டத்தின் காணி. பயிரிடுபவருக்கு அதில் உறுதியில்லை. இரண்டு மாதத்திற் காய்க்கும் போஞ்சியை இரவல் நிலத்திலும் விதைக்கலாம். காய்ப்பதற்குச் சில ஆண்டுகள் வேண்டிய தேசியை அவ்வாறு நட மனம் வருமோ? 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப்பின் இலட்சக்கணக்கானோர் இந்தியா சென்ற மலையகத்தில், நட்டவர் பலருக்குக் காயைப் பறிக்கும் பேறு கிடைக்கவில்லை. அண்மைக் காலத் தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பத்திற்கு 7 பேர்ச் காணி என வகுத்தனர். அஃது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக, பாத்திக்கும் ஒரு மரத்துக்கும் இடமிருக்கும். ஆனால் அவ்வீடுகள் இன்னும் எல்லோரையும் எட்டவில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டிமாரிடம் கேட்டு, எம்மாதத்தில் எவ்விதை, எக்காய்க்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்பதை ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். அவ்வறிவு வாய்மொழியாகவே இருந்து மறைந்துவிடலாகாது. வீடு கட்டித் தருவோரும் ஒன்றை மனத்திற் கொள்வாராக: சரியாத நிலத்தில், காணி உறுதியுடன் ஒரு முற்றமும் சேர்த்துத் தருவார்களாயின், இம்மக்கள் போஞ்சி விதையோடு தேசிக்கன்றையும் நடுவர்.