வருகைப் பருவம்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று என் நா தடையின்றி ஓடும். ஆயினும் ஒரு குழந்தை செங்கீரை ஆடுவதை நான் உற்று நோக்கியது ஓய்வு பெற்ற பின்னரே என்று கூற நாணுகின்றேன். என் மகள் குழந்தையாயிருந்தபோது நான் பள்ளியிலும் ஏட்டிலும் மூழ்கிக் கிடந்தேன். அவளுடைய மகன் எங்கள் இல்லத்தில் வளர்ந்த பொழுதுதான் எனக்குக் கண் திறந்தது.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தலையே. அத்துணைப் பெரிய தலையைத் தாங்கும் வன்மை கழுத்துக்கு முதலில் இல்லை. வன்மை மேலிருந்து கீழாக இறங்கி வருகின்றது. முதலிற் கழுத்து நிற்கும், பின்னர் முதுகு நிமிரும், அதன்பின் இடுப்பு, இறுதியிலேதான் கால்கள். ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலைநிமிர்ந்து முகத்தை அசைத்தாடுவது செங்கீரை என்று ஆசிரியர் கூறுவர். அதனைப் புலவர்தம் கற்பனை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். என் பேரன் கூடத்துப் பாயிற் குப்புறக் கிடந்து, கைகளை ஊன்றி மார்பை உயர்த்தியபோது, அப்புலவர் கண்டதைத்தான் எழுதினார் என்று தெளிந்தேன். அவன் எதிரே என் மனைவி ஒரு பித்தளைச் செம்பை வைப்பாள். செம்பை நோக்கிப் புறப்பட்டவன் பின்னோக்கிச் சென்றான்! கைகள் கால்களுக்கு முன்பே வலுப்பெறுவதால் தொடக்கத்தில் இவ்வாறு நிகழ்வதுண்டாம். செம்பு எட்டிப் போகப் போக அவனுக்கு வந்த சினத்தைக் காண வேண்டுமே!

பின்னர் அவன் உட்கார்ந்தான். இரு கைகளையும் கொட்டிச் சப்பாணியும் ஆடினான். ஆனால் முழந்தாளிட்டுத் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றி நகர்ந்து கூடம் முழுவதும் சுற்றினான். 15 மாதம் நிறைந்தும் நடக்கவில்லை. எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அச்சம் ஒருபுறம், பழைய நினைவொன்று மறுபுறம்.

இவனுடைய தாயும் இவ்வாறே 15 மாதம் வரை நடக்கவில்லை. பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் வைத்து எண்ணுவர். நூலுக்கு நூல் சிறிது வேறுபாடும் உண்டு. அவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கிய நான் வீட்டில் அதனை மறந்தேன். “வருகைக்கு உரியது 13ஆம் திங்கள். இவள் இன்னும் நடவாதது உன் கவனக் குறைவே” என்று என் மனைவியைக் கடிந்தேன். “நூலை நீங்கள் படித்தீர்கள், குழந்தை படிக்கவில்லையே” என்று சொல்லி அவள் உள்ளே சென்றாள். அதனை எதிர்மொழி என்று கொண்டு இரண்டு நாள் பேசாதிருந்தேன்.

இம்முறை நூலை விடுத்து மருத்துவரிடம் சென்றோம். அவர் பேரனின் கழுத்து, முதுகு, கால்கள் ஆகியவற்றைச் சோதித்தார். இரு கைகளையும் ஒப்பப் பயன்படுத்துகிறானா என்று வினவினார். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவுகளைப் பின்பு எடுத்துரைத்தார். துணையின்றி உட்காருவதற்கு ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதம் வரையும், துணையின்றி நடப்பதற்கு 8 மாதம் முதல் 17½ மாதம் வரையும் ஆகலாமாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முழந்தாளிட்டுத் தவழாமலே நடந்துவிடுகின்றனவாம். “ஆயினும் 18 மாதம் நிறைந்தும் நடக்காவிட்டால் ஒரு நாளும் தாழ்த்தாமல் அழைத்து வாருங்கள்” என்றார். பொறுத்திருக்க வேண்டிய காலமும் பொறுத்திருக்கலாகாத காலமும் உண்டென்பதை அன்று அறிந்தேன்.

17ஆம் மாதத்தில் ஒரு மாலை, பேரன் கூடத்துத் தூணைப் பிடித்து நின்றிருந்தான். நான் கைகளை நீட்டி, அறிந்த சொற்களையெல்லாம் கூட்டி, “வருக, வருக” என்றேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுக்களை வாயிலில் வந்து நின்ற பாட்டியை நோக்கித் திரும்பினான். தூணை விட்டான். கால்களை அகல வைத்து, இரு கைகளையும் தோளளவு உயர்த்தி, கழைக்கூத்தாடியைப் போல் அசைந்து அசைந்து ஐந்து அடி நடந்து, அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

முன்னர் நான் கடிந்ததை அவள் அப்பொழுது நினைவூட்டவில்லை. அவனை உறங்கச் செய்த பின் நானே அதனை எடுத்துச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள்.

“காப்பி ஆறிப் போகிறது, குடியுங்கள்” என்றாள்.