கூட்டம் என்று நிறுத்தாதே, பாப்பா

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீச்சல் வகுப்பை நாலாம் நாளே நிறுத்திவிட்டாய் என்று அம்மா சொன்னாள். பெண்களுக்கென்று ஒரே ஒரு மணி நேரம், அதில் அறுபது பேர், கையை நீட்டினால் யார் முகத்திலாவது படுகிறது, கோச் உன் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் கேட்டேன். உன் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் நிறுத்தியது எனக்குப் பொறுக்கவில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்தவர்கள் நாம். பையன்கள் படித்துறையிலிருந்து குதித்தார்கள், நாம் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டோம். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு நீச்சல்" என்பார் தாத்தா. சின்ன அத்தான் கொள்ளிடத்தில் மூழ்கிப்போன அன்று உனக்கு ஆறு வயது, என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முழங்கால் தண்ணீரில்தான் நடந்துகொண்டிருந்தார். அடுத்த அடி, மணல் அள்ளிய பள்ளம். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பதினோரு பேர். ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. நாம் கத்தினோம், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால்தான் நாற்பத்தொரு வயதில் இங்கே தண்ணீரில் இறங்கினேன். எங்கள் பேட்டைக் குளத்துக்குக் கட்டணம் குறைவு. அதனாலேயே ஊரே அங்கே இருக்கும். சனிக்கிழமை காலையில் வந்து பார், ஐம்பது மீட்டர் குளத்தில் பாதி லேன்களைக் கயிறு கட்டிப் பிள்ளைகள் வகுப்புக்குப் பிரித்துவிடுவார்கள். மிச்சத்தில் தாத்தா பாட்டிகள், வேலைக்குப் போகிறவர்கள், முழுக்கை உடையில் என்னைப் போன்ற பெண்கள், எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவர். நடுவில் இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் விசில் ஊதி அத்தனை பேரையும் கரையேற்றிவிடுவார்கள். கட்டிய காசும் வந்த நேரமும் போச்சு.

இரண்டு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒரு நாள் எழுபது வயதிருக்கும் ஒரு சீன அம்மா பக்கத்தில் வந்து, வாயைத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகக் குமிழி விட்டுக் காட்டினார். என் கையைப் பிடித்துத் தன் வாயருகே வைத்து, மூச்சுக் காற்று விரலில் படும்படி ஊதினார். "மான் மான்" என்றார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். மூச்சை உள்ளே அடக்கி வைத்ததுதான் என் தப்பு. தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே காற்றை முழுக்க விட்டுவிட்டால், வெளியே வந்ததும் இழுக்க மட்டும்தான் நேரம் வேண்டும். நீயும் இதில்தான் திணறியிருப்பாய். வீட்டில் ஒரு பாத்திரத் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழகு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, முன்னால் போனவருடைய குதிகால் என் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி கழன்றது, ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது, கால் எட்டாத இடம். ஒரு நொடி கொள்ளிடம்தான் கண்முன் வந்தது. ஆனால் உடம்பு தானாக மல்லாந்துவிட்டது. காது தண்ணீருக்குள், முகம் மட்டும் மேலே, கைகள் விரிந்து. இருமினேன், மூச்சு வந்தது. மேலே வெள்ளை வானம். பக்கத்தில் யாரோ காலடித்துப் போனார்கள், தண்ணீர் முகத்தில் தெறித்தது, நான் மூழ்கவில்லை. எனக்கு நீச்சல் வந்தது அன்றைக்குத்தான் பாப்பா. யாருமில்லாத குளத்தில் அது வந்திருக்காது. ஆறு நம்மைப் பார்த்து ஒதுங்கிப் போகாது, இழுக்கும், தள்ளும், முகத்தில் அடிக்கும். அந்தத் தள்ளுமுள்ளைக் கூட்டம் உனக்கு இப்போதே பழக்கிக் கொடுக்கிறது.

இங்கே 2010 முதல் பிள்ளைகளுக்கு 'ஸ்விம்சேஃபர்' என்று ஒரு திட்டம், ஆறு படிகள். நீந்துகிற வேகத்தோடு விடுவதில்லை. மிதக்க, நின்ற இடத்திலேயே காலடித்து நிற்க, போட்டிருக்கும் உடையோடு நீந்தவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் தண்ணீரில் தவறி விழுகிற எந்தப் பெண் நீச்சல் உடையில் விழுகிறாள்? உன் கோச்சிடம் இதைக் கேள். கூச்சப்படாதே.

கூட்டத்துக்குச் சில வழிகள் உண்டு. உன்னளவு வேகம் உள்ள நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்புங்கள். ஒருவர் கிளம்பிப் பத்து எண்ணிய பிறகு அடுத்தவர். களைத்தால் சுவரின் மூலையில் நில், நடுவை விட்டுவிடு. முந்த வேண்டுமானால் முன்னால் போகிறவர் காலைத் தொட்டால் போதும். நாலு கைவீச்சுக்கு ஒரு தரம் முதலை மாதிரி கண்ணை மட்டும் தூக்கி முன்னே பார். இடமே இல்லாத நாளில் மிதந்து பழகு. அதற்குப் பாய் விரிக்கிற இடம் போதும்.

இன்னொன்று. 2020 ஆகஸ்டில் நம் பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரையில் நாலு பையன்கள் தண்ணீரில் தத்தளித்தபோது, மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரைக்கு இழுத்தார்கள். அவர்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று இரவு முழுக்க அழுதேன். அத்தான் மூழ்கிய அன்று கரையில் பதினோரு சேலை இருந்தது. நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உன் மகளுக்கு அதை இப்போதே சொல்லிவை: யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காதே, துணியையோ கயிற்றையோ குச்சியையோ வீசு.

குட்டிக்கு இந்த ஆனியில் எட்டு வயது முடிகிறது. அவளையும் கூட்டிக்கொண்டு போ. இருவருக்கும் சேர்த்து இரண்டு மாதக் கட்டணத்தை மாப்பிள்ளை கணக்கில் போட்டுவிட்டேன், நீச்சல் கண்ணாடி இரண்டு பார்சலில் வருகிறது. ஆடிப்பெருக்குக்கு நான் ஊருக்கு வருகிறேன். அதற்குள் நீ மல்லாந்து ஐந்து நிமிஷம் மிதக்க வேண்டும். நாளைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

உன்,
அக்கா