அத்தானின் எஃப்.எம். ஆசை

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தான் பக்கத்தில் நின்று "மைக் என்ன விலை, டவர் எவ்வளவு உயரம்னு கேளு" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நீயோ "இந்தக் காலத்துல யாருடி ரேடியோ கேக்குறா" என்று சிரித்தாய். ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் கடிதம். அத்தானுக்கும் வாசித்துக் காட்டு, அவர் ரிட்டயர்மென்ட் பணத்தில் கை வைத்து எஃப்.எம். ஸ்டேஷன் தொடங்குவதற்குள்.

முதலில் உன் கேள்வி. இங்கே ஐயோவாவில் எங்கள் குடும்ப ரேடியோ ஸ்டேஷனில் பாட்டுக்காக யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பாட்டு எல்லார் செல்போனிலும் கிடக்கிறது. கேட்பது காலையில் வாசிக்கும் சாவு அறிவிப்புக்காக. யார் தவறினார், எந்த சர்ச்சில் எத்தனை மணிக்கு அடக்கம், அது முடிந்து எந்த ஹாலில் சாப்பாடு. அடுத்தது மக்காச்சோளம், சோயாபீன், பன்றி விலை. சிகாகோவில் என்ன விலை, எங்கள் ஊர் தானியக் கிடங்கில் இன்று என்ன கொடுக்கிறார்கள், இரண்டும் வேண்டும். பனி கொட்டினால் எந்தப் பள்ளிக்கு லீவு. அப்புறம் ஒன்பது மணிக்கு ஸ்வாப் ஷாப். யார் வேண்டுமானாலும் போன் போட்டு பழைய சோபா, கோழிக்குஞ்சு, தொலைந்துபோன நாய் என்று சொல்லலாம். துப்பாக்கி மட்டும் கூடாது என்பது மாமா, என் மாமனார், போட்ட சட்டம். போன வாரம் ஒரு பாட்டி இறந்துபோன தன் கணவரின் சட்டைகளை விற்க வந்தார். விலை சொல்ல வந்தவர் கணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மாமா குறுக்கிடவே இல்லை. அடுத்த விளம்பரம் தள்ளிப்போனது.

அது தள்ளிப்போனால் தலைவலி எனக்குத்தான். என் வேலை மைக் இல்லை அக்கா, ட்ராஃபிக். எந்தக் கடையின் விளம்பரம் எத்தனை மணிக்கு ஓட வேண்டும், ஓடியதா, ஓடியதற்கு பில் போனதா, பணம் வந்ததா. மாமா பேசுவார், என் வீட்டுக்காரர் மெஷின்களைப் பார்ப்பார், நான் கணக்கு. நான் இன்னும் இந்தியக் குடிமகள். ஸ்டேஷனில் வெளிநாட்டுக்காரர் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் வேறு இருக்கிறது. ஆகவே நான் பாதி முதலாளி என்று சித்தியிடம் பெருமை பேசாதே.

விளம்பரத்தை நம்பிப் பிழைப்பது இங்கே பழைய கதை. ஐயோவாவில் ரேடியோவைத் தொழிலாக்கியதில் விதை வியாபாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஷெனன்டோவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹென்றி ஃபீல்ட் 1924-இல் கே.எஃப்.என்.எஃப். என்று ஒரு ஸ்டேஷன் தொடங்கினார். மறுவருஷமே போட்டிக்கு எர்ல் மே என்பவர் கே.எம்.ஏ. தொடங்கினார். இரண்டு பேரும் தபாலில் விதை விற்ற முதலாளிகள். ஃபீல்டின் தங்கை லியானா டிரிஃப்ட்மையர் சமையலறைப் பேச்சு என்று ஆரம்பித்த நிகழ்ச்சி 1980-கள் வரை ஓடியது. பின்னால் உலகப் புகழ் பெற்ற எவர்லி சகோதரர்கள் சின்னப் பையன்களாக அப்பாவோடு கே.எம்.ஏ.வில் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டெல்லாம் விதைப் பாக்கெட்டைச் சுற்றிக் கட்டிய வண்ணக் காகிதம். மாமாவுக்கும் அந்த விவரம் உண்டு. விதைக் கடை, டிராக்டர் கடை, பேங்க், அடக்கக் காரியம் செய்கிறவர், இந்த நாலு பேர் பணம் கட்டினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். நாலு பேரும் மளிகைக் கடையில் எதிரே வருகிறவர்கள். கறாராக வசூல் செய்யவும் முடியாது, சும்மா விடவும் முடியாது.

அத்தானுக்கு டவர் மேல்தானே ஆசை? எங்களுடையது 1,000 வாட் ஏ.எம். அவர் நினைப்பதுபோல டவர் உச்சியில் ஆன்டெனா கிடையாது, டவரே ஆன்டெனா. அடியில் மண்ணுக்குள் நாலாபக்கமும் செம்புக் கம்பிகள் ஓடுகின்றன. முறையாகப் போட்டால் 120. செம்புத் திருடர்களுக்கு அது தெரியும். உயரம் 200 அடியைத் தாண்டினால் ஆரஞ்சு வெள்ளை பெயின்ட் அடித்து விளக்குப் போட வேண்டும், அது எரிகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அணைந்தால் உடனே விமானத் துறைக்குச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் இவர் ஜன்னல் வழியே எட்டிப்பார்ப்பது நிலாவை இல்லை.

இன்னொரு வேடிக்கை கேள். சூரியன் சாய்ந்ததும் எங்கள் பவரை மிகவும் குறைத்துவிட வேண்டும். மாதாமாதம் எத்தனை மணிக்கு என்று லைசென்ஸிலேயே போட்டிருக்கும். ஏ.எம். அலை ராத்திரியில் வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போய் அடுத்தவன் அலையில் மோதும். சின்ன வயதில் மொட்டை மாடியில் அப்பா டிரான்சிஸ்டரைத் திருப்பத் திருப்ப எங்கெங்கோ இருந்து புரியாத பாஷைகள் வந்து விழுமே, அதே சமாச்சாரம்தான். அப்போது நமக்கு அது இனித்தது. இங்கே மாமாவுக்கு ஆயுசு முழுக்க வயிற்றெரிச்சல். ஏனென்றால் விளம்பரம் கொட்டுவது பள்ளிப் பிள்ளைகளின் ஃபுட்பால், பேஸ்கட்பால் ஆட்டங்களுக்கு, அவை நடப்பதோ இருட்டிய பிறகு. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். இப்போது எங்கள் நிகழ்ச்சியையே எஃப்.எம்.மில் விடும் 250 வாட் சின்ன டிரான்ஸ்லேட்டர் ஒன்று சேர்த்துக்கொள்ள அனுமதி இருப்பதால் ராத்திரி ஆட்டங்களை அதில் போடுகிறோம். அது இல்லாவிட்டால் என்றோ மூடியிருப்போம்.

2020 ஆகஸ்ட் 10 புயலைப் பற்றி உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. டெரேச்சோ என்பார்கள். கடலே இல்லாத ஊரில் புயலா என்று அம்மா நம்பவில்லை. சீடர் ராப்பிட்ஸ் நகரத்தில் மணிக்கு 140 மைல் வரை காற்று அடித்திருக்கலாம் என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். விளைந்து நின்ற மக்காச்சோளம் ஒரு மணி நேரத்தில் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. கரன்ட் போயிற்று, செல்போனும் போயிற்று. எங்கள் டவர் நின்றது, ஜெனரேட்டர் இருந்தது. ஜனங்கள் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார்கள். துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கே வந்தார்கள். எந்த பங்கில் பெட்ரோல் கிடைக்கிறது, ஐஸ் எங்கே, ஆக்சிஜன் மெஷினில் இருக்கிற தாத்தாவுக்கு யாராவது ஜெனரேட்டர் தர முடியுமா. அதைக் கேட்டு முன்பின் தெரியாத ஒருவர் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். அந்த நாட்களில் விளம்பரமே போடவில்லை. ஓடாத விளம்பரத்துக்கான காசைத் திருப்பிக் கேட்டவர் ஒரே ஒரு கடைக்காரர்தான். கொடுத்தோம். அவரும் இந்த ஊர்தானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டேஷனை விலைக்குக் கேட்டு ஒரு கம்பெனி வந்திருக்கிறது. 1996 வரை நாடு முழுவதற்கும் சேர்த்து ஒருவர் 40 ஸ்டேஷன்தான் வைத்திருக்கலாம். அந்த வருஷச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. சில வருஷத்தில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியிடம் 1,200-க்கு மேல் சேர்ந்தன. ஊரிலேயே ஸ்டூடியோ இருக்க வேண்டும் என்ற விதியும் 2017-இல் போய்விட்டது. ஆகவே எங்களை வாங்குகிறவர்கள் சாட்டிலைட்டிலிருந்து நிகழ்ச்சியை இறக்கி, பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்லும் தொகை மோசமில்லை. மாமா கேட்டதெல்லாம் ஒன்றுதான், சாவு அறிவிப்பை யார் வாசிப்பார்கள் என்று. வந்தவர் அதை வெப்சைட்டில் போடலாம் என்றார். மாமா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். விற்கவே மாட்டோம் என்று நான் உன்னிடம் சத்தியம் செய்ய மாட்டேன். லைசென்ஸ் 2029 பிப்ரவரி வரை இருக்கிறது. அதுவரை எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஓயாது.

அத்தானிடம் இனி உடைத்துச் சொல். குடும்பத்தின் பேரில் ஸ்டேஷன் என்பது நம் நாட்டில் நடக்காது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அதன் பிறகு பெரிய எஃப்.எம்.களை ஏலத்தில் கம்பெனிகள் எடுத்தன. சின்ன ஊருக்கு இருக்கிற வழி சமுதாய வானொலி. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் முதலாவது வந்தது. 2006-இலிருந்து தொண்டு அமைப்புகளும் கேட்கலாம். தனி ஆளுக்குத் தர மாட்டார்கள். அறக்கட்டளையோ சங்கமோ ஏற்கெனவே சில வருஷம் ஊரில் வேலை செய்திருக்க வேண்டும். பவர் 100 வாட், கோபுரம் 30 மீட்டருக்குள். லாபம் என்று எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம் போடலாம், அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய் என்று 2024-இல் உயர்த்தியிருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது செய்தி கூடாது என்பது. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், சொந்தமாக ஒரு வரி கூடாது. மழை, மின்தடை, தண்ணீர் வரும் நேரம் சொல்லலாம். ஆனால் இங்கே பள்ளிக்கூடக் கமிட்டியில் யார் யாரை எதிர்த்து ஓட்டுப் போட்டார் என்று மாமா வாசிக்கிறாரே, அதைப்போல நம் பஞ்சாயத்தில் ரோடு கான்ட்ராக்ட் யாருக்குப் போனது என்று அத்தானால் சொல்ல முடியாது. பயந்துகொண்டு போட்ட விதி அது என்றுதான் எனக்குப் படுகிறது.

சாவு அறிவிக்க நம் ராமநாதபுரத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஆட்டோ மைக்கும் இருக்கின்றன. அப்படியென்றால் அத்தானின் ரேடியோவைக் காலையில் எழுந்ததும் யார், எதற்காகப் போடுவார்கள்? பாம்பனில் கடல் ஓசை என்று 90.4-இல் மீனவர்களுக்கான ஸ்டேஷன் இருக்கிறது. கடலுக்குப் போகிறவனுக்குக் காற்று எப்படி, அலை எப்படி என்று தெரியாமல் முடியாது. அத்தான் அங்கே போய் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். கரன்ட் பில் எவ்வளவு, சம்பளம் யார் கொடுக்கிறார்கள், மாதம் விளம்பரம் எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வரச் சொல். அதை போட்டோ எடுத்து அனுப்பு, நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை மைக் வாங்க வேண்டாம்.

அம்மாவின் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார்? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தங்கை