மாமியாரின் மஞ்சள் பை

எங்கள் கோவளத்தில் விடியற்காலை நாலு மணிக்கே கடற்கரைப் பக்கம் பேச்சுக்குரல் கேட்க ஆரம்பித்துவிடும். படகு தள்ளுகிற சத்தம், டீக்கடை பாய்லர் சத்தம் எல்லாம் வரும். 2023 செப்டம்பரில் ஒருநாள் அதே நேரத்துக்கு என் மாமனார் கூடத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "வாயுப் பிடிப்புதாம்மா, கொஞ்சம் ஓமம் கொதிக்க வச்சுக் குடு" என்றார். நானும் ஓமத்தை எடுக்கப் போனேன். முகத்தைப் பார்த்தேன். சட்டை தெப்பலாய் நனைந்திருந்தது. ஓமம் அடுப்பிலேயே இருக்க, பக்கத்து வீட்டு ஆட்டோவை எழுப்பிக்கொண்டு ஓடினோம்.

மாரடைப்புதான். அன்றைக்கே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர்கள் நல்லபடியாகக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் பில் கட்டுகிற ஜன்னலில்தான் ஆரம்பித்தது.

அதைச் சொல்லுமுன் நாலு வருஷம் பின்னால் போக வேண்டும். என் மாமனார் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பென்ஷன் கிடையாது. என் கணவர் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனி இன்ஷூரன்ஸ் எனக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு, பெற்றவர்களுக்கு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அப்போது வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம். ஏழையும் இல்லை, பணக்காரரும் இல்லை என்கிற நடுவாந்திரம் இருக்கிறதே, அதுதான் மிகவும் சங்கடமான நிலைமை.

2019-இல் தனியாரிடம் பாலிசி எடுக்கலாம் என்று விசாரித்தோம். மாமனாருக்கு அப்போது 67 வயது. முதலில் வந்த இரண்டு ஏஜெண்டுகளும் வயதைக் கேட்டதுமே காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். 65 வயது வரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அன்றைய விதி. அதற்கு மேல் கம்பெனியின் இஷ்டம். மூன்றாவதாக வந்தவர் முதியோர் பாலிசி ஒன்று கொண்டுவந்தார். மூன்று லட்சம் வரை. ஆனால் எந்த பில்லானாலும் நூற்றுக்கு முப்பது ரூபாய் நம் கையிலிருந்து. "கோ-பே" என்று அதற்குப் பெயர்.

கடைசிப் பிள்ளையைப் பற்றி மாமியார் கேட்டார். என் கொழுந்தனாருக்குப் பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். இப்போது நாற்பதை நெருங்குகிறார். நடப்பது கஷ்டம், பேச்சும் எங்களுக்குத்தான் புரியும். "அவரைப் பத்தி மட்டும் கேக்காதீங்கம்மா" என்று ஏஜெண்ட் தலையை ஆட்டிவிட்டார். மாமியார் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனது இன்னும் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

ஃபாரத்தை நிரப்பும்போது "சுகர் உண்டா?" என்று கேட்டார். "உண்டு, மாத்திரை சாப்பிடுறார்" என்று நான்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே போனார். அத்தனையும் ஆங்கிலம், பொடி எழுத்து. மாமனார் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பத்தாவது வரை படித்த நானும் கூடவே இருந்தேன், ஒரு வரி படிக்கவில்லை. அடுத்த வாரம் கம்பெனியே அனுப்பிய லேப் ஆள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். பாலிசி வந்தது. வருஷம் தவறாமல் பிரீமியம் கட்டினோம். சொல்லப்போனால் ஒரு வருஷம் என் மகளின் கொலுசை வைத்துக் கட்டினோம்.

இனி பில் ஜன்னலுக்கு வருகிறேன். ரூபாய் 2,74,000. கேஷ்லெஸ் கிடையாது என்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. முதலில் கட்டுங்கள், பிறகு கேளுங்கள் என்றார்கள். என் வளையலும் சங்கிலியும் பாங்குக்குப் போயின. பில்களை அனுப்பினோம். நவம்பரில் கடிதம் வந்தது. பழைய சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்ததால் பணம் தர முடியாதாம். கூடவே ஃபாரத்தின் நகல். சர்க்கரை என்ற கட்டத்தில் "இல்லை" என்று டிக் அடித்திருந்தது. ஏஜெண்டின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை.

மாமனார் கூனிக் குறுகிப்போனார். "நான் பொய் சொல்லி வாங்கினேன்னு எழுதியிருக்கானேம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் அவரை அறுத்தது. மாத்திரைகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் என் மாமியாரின் மஞ்சள் பை வருகிறது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. கரண்டு பில், கேஸ் ரசீது, 1990களின் தீப்பெட்டி மாதிரிப் பழைய மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள் போகும். "ஏம்மா இந்தக் குப்பை?" என்று எத்தனை தடவை நான் கடிந்திருப்பேன்! அதற்குள் கையை விட்டுத் துழாவி, நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். 2019-இல் அந்த லேப் ஆள் கொடுத்துவிட்டுப் போன ரிப்போர்ட். சர்க்கரை அளவு தடித்த எழுத்தில் இருந்தது. அதாவது பாலிசி கொடுக்குமுன் கம்பெனிக்கே தெரியும்!

இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது? எங்கள் தெருவில் ரிட்டையரான பாங்கு ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் வழி சொன்னார். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கே எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்புட்ஸ்மன் என்பார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள்.

கம்பெனிக்கு டிசம்பரில் எழுதினேன். பதில் இல்லை. பிப்ரவரியில் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். என் தமிழ்க் கடிதத்தை மகள் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். 2024 மே மாதம் விசாரணை. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீயே போயிட்டு வந்துடு, உனக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றார். நானும் மாமியாரும் பஸ் பிடித்துத் திருவான்மியூர் போய், அங்கிருந்து மாறிப் போனோம். மஞ்சள் பையும் கூடவே வந்தது. கோர்ட்டு மாதிரி இருக்கும் என்று எனக்கு உள்ளங்கை எல்லாம் வியர்த்தது. ஒன்றுமில்லை, ஒரு மேஜை, சில நாற்காலிகள். கம்பெனி ஆள் ஃபாரத்தைக் காட்டினார். நான் லேப் ரிப்போர்ட்டை நீட்டினேன். "இது உங்கள் லேப்தானே?" என்று ஒரே கேள்வி. கம்பெனி ஆள் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடிய தொகை 2,50,000, அதில் எங்கள் முப்பது சதவீதம் போக 1,75,000. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி அதை நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. ஜூலையில் பணம் வந்தது. பாங்கு வட்டி என் தலையில்தான். வளையல் வந்தது, சங்கிலி இன்னும் வரவில்லை.

இந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை, வீட்டில் பெரியவர்கள் இருக்கிற சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். நம் நாட்டில் மெடிக்ளெய்ம் என்பது 1986-இல் அரசுக் கம்பெனிகள் கொண்டுவந்தது. எல்லாக் கம்பெனிகளையும் கட்டிமேய்க்க 1999-ஆம் வருஷச் சட்டப்படி ஓர் ஆணையம் அமைந்தது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று பெயர், தலைமையகம் ஐதராபாத். நாங்கள் தேனாம்பேட்டைக்கு அலைந்துகொண்டிருந்த அதே நேரத்தில், 2024 ஏப்ரல் 1 முதல், இந்த ஆணையத்தின் புதிய விதிகள் வந்தன. 65 வயதுக்கு மேல் பாலிசி கிடையாது என்று கதவைச் சாத்தும் கணக்கு போயிற்று. எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் நாலு வருஷமாயிருந்தது, மூன்றாகக் குறைந்தது. முக்கியமானது இன்னொன்று. விடாமல் ஐந்து வருஷம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, "அதைச் சொல்லவில்லை, இதைச் சொல்லவில்லை" என்று கம்பெனி கிளற முடியாது. முன்பு இது எட்டு வருஷம். எங்களுக்கு நாலே கால் வருஷம்தான் ஆகியிருந்தது. மாரடைப்பு காலண்டர் பார்த்தா வருகிறது!

கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜ் சமயத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிவு என்றும் 2024 மே மாதம் உத்தரவு போட்டார்கள். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இதெல்லாவற்றையும்விட எனக்கு சந்தோஷம் தந்தது வேறொன்று. பாலிசியின் சாரத்தை எளிய நடையில் எழுதிய தாள் ஒன்று 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம் தர வேண்டும், நாம் கேட்டால் அதை நம் மொழியிலேயே தர வேண்டும். கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

பிரீமியம் விஷயம் வேறு. பெரியவர்களுக்கு வருஷா வருஷம் ஏற்றிக்கொண்டே போனார்கள். 2025 ஜனவரியில் ஆணையம் குறுக்கே வந்தது. முதியோர் பிரீமியத்தை வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்றது. அந்தப் பத்து சதவீதமும் நமக்குப் பெரிய தொகைதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை என்று ஆனதில்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம். கம்பெனி மேல் புகார் இருந்தால் ஆணையத்தின் 155255 எண்ணுக்குப் பேசலாம்.

எதிர்வீட்டுப் பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். ஊருக்கு வந்தபோது என் கதையைக் கேட்டுவிட்டு அங்கத்திய விஷயம் சொன்னாள். அங்கே 65 வயதானவர்களுக்கும், உடல் ஊனமுற்றவர்களில் பலருக்கும் மெடிகேர் என்று அரசுக் காப்பீடு உண்டு. அது விட்டுவைக்கும் செலவுக்குத் துணைப் பாலிசி ஒன்றைத் தனியாரிடம் வாங்கிக்கொள்கிறார்கள். 1990-இல் போட்ட சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பாலிசிகளுக்கு ஏ, பி என்று எழுத்துதான் பெயர். எழுத்து ஒன்றானால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் பலன் ஒன்றே. 65 வயதாகி மெடிகேரில் சேர்ந்ததும் ஆறு மாதத்துக்கு எந்த நோயைக் காட்டியும் மறுக்கக் கூடாது. ஆனால் 65-க்குக் குறைந்த ஊனமுற்றவர்களுக்கு அந்த உரிமை மாநிலத்துக்கு மாநிலம் மாறுமாம். பணக்கார தேசத்திலும் என் கொழுந்தனார் மாதிரி ஆட்கள்தான் வாசலில் நிற்கிறார்கள். நம்மூரிலும் 2020-இல் ஆரோக்கிய சஞ்சீவனி என்று எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி நிபந்தனையுள்ள பாலிசி ஒன்று வந்தது. எங்களிடம் ஏஜெண்டுகள் வந்தபோது அது இன்னும் வந்திருக்கவில்லை.

மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று, 70 வயதான யாருக்கும் வருமானம் பாராமல் வருஷத்துக்கு 5 லட்சம் வரை என்று ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. தனியார் பாலிசி இருந்தாலும் சேரலாம். ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. எந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

கொழுந்தனாருக்கும் ஒரு வழி பிறந்தது. கேளம்பாக்கம் பக்கம் சிறப்புக் குழந்தைகளோடு வேலை செய்கிற ஒரு பெண்மணி நிராமயா என்ற திட்டத்தைச் சொன்னார். 1999-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பில்லை, மருத்துவப் பரிசோதனை இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் செய்யும் பிசியோதெரபிக்கும் உண்டு. அதிலும் பில்லை நாம் கட்டிவிட்டு வாங்க வேண்டும், தேதி தவறக்கூடாது. தனியார் கம்பெனிகளும் ஊனமுற்றவர்களுக்கென்று ஒரு பாலிசி வைத்தே ஆக வேண்டும் என்று ஆணையம் 2023 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. விலை கேட்டேன், இப்போதைக்கு நிராமயாவே போதும் என்று வந்துவிட்டேன். அட்டை வந்த அன்றைக்கு மாமியார் அதைக் கொழுந்தனார் கையில் கொடுத்து, "உம் பேரு போட்டிருக்குடா" என்றார். அவர் இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

போன தடவை புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது தமிழ்த் தாள் கேட்டு வாங்கினேன். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் முழுக்க வாசல் திண்ணையில் வரிவரியாகப் படித்தார். "ஏம்மா, இந்த எட்டாவது வரி என்ன சொல்லுது?" என்று கூப்பிட்டார். எனக்கும் புரியவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். எழுதியதன் நகலை மாமியார் வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.